மணிக்குப் பின்னே ஒரு கை

பங்குத் திருவிழா நெருங்கும் மாதங்களில் நம் இல்லங்களில் ஊசியும் நூலும் வெளியே வந்துவிடும். அன்னையர் சங்கத்தாரும் இளம் பெண்களும் செபமாலை கோப்பார்கள். கழுத்து மாலை, காதணி, கைப்பை முதலியவற்றைச் செய்து விற்பனைச் சாவடியில் பரப்புவார்கள். அவ்வேளைகளில் நம் தாய்மாரிடையே தவறாமல் எழும் கேள்வி ஒன்றுண்டு. "கோவை ராஜ வீதியிலும் பெரிய கடை வீதியிலும் எல்லாரும் வாங்கும் மணியையே நாமும் வாங்கிக் கோத்தால் நம் வேலைக்கு என்ன தனிச்சிறப்பு? பிறரிடம் இல்லாத மணி எங்கே கிடைக்கும்?" இந்த நியாயமான கேள்விக்கு இம்மாதம் விடை காண முயல்வோம்.

விடையைத் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. நம் கொங்கு நாடே ஒரு காலத்தில் மணிகளின் நாடாக விளங்கியது. சென்னிமலைக்கு மேற்கே, நொய்யலாற்றின் வடகரையில், கொடுமணல் என்னும் சிற்றூர் இருக்கிறது. 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தாரும், 2012இல் புதுவைப் பல்கலைக்கழகத்தாரும், பின்னர் தமிழக அரசின் தொல்லியல் துறையினரும் அங்கே அகழாய்வு செய்தனர். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட மணித்தொழில் பட்டறைகளின் எச்சங்கள் அங்கு வெளிப்பட்டன. ஈமக்குழிகளில் சூதுபவள மணிகள் ஏராளமாகக் கிடைத்தன. பதிற்றுப்பத்தில் அணிகலன்களுக்குப் பெயர்பெற்ற ஊராகக் கூறப்படும் 'கொடுமணம்' இவ்வூரே என்பது ஆய்வாளர் கருத்து.

அங்கே கிடைத்த முழுமையான மணிகளைவிட முற்றுப்பெறாத மணிகளே நமக்கு அதிகம் கற்பிக்கின்றன. உடைத்த கல், செதுக்கிய கல், தேய்த்த கல், பாதி துளையிட்ட கல் என்று ஒரு மணி பிறக்கும் படிநிலைகள் யாவும் அம்மண்ணில் கிடந்தன. அக்கைவினைஞர்களுக்கு வேண்டிய கற்களுள் பலவும் அக்கம்பக்கத்திலேயே கிடைத்தன. படிகக்கல் சுற்று வட்டாரத்தில் கிடைப்பது. பெரில் என்னும் பசுநீலக் கல் காங்கயத்தை அடுத்த படியூரில் கிடைத்தது. அதே படியூரில் 1819-20ஆம் ஆண்டுகளிலும் ஆங்கிலேயர் பெரில் கற்களைத் தோண்டி எடுத்திருக்கின்றனர். நீலக்கல் வகையைச் சேர்ந்த குருந்தம் சிவன்மலைப் பகுதிக்குரியது. ஆங்கிலத்தார் 'கொரண்டம்' என வழங்குவதும் நம் 'குருந்தம்' என்னும் சொல்லின் திரிபே. சூதுபவளத்துக்கான மூலக்கல் மட்டும் தொலைவிலுள்ள குஜராத்திலிருந்து வந்திருக்கலாம் என்பர்.

மேலைக் கடற்கரைத் துறைமுகங்களிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கரூருக்குச் சென்ற பெருவழியில் அமைந்த ஊர் கொடுமணல். அவ்வழியில் நடந்த வணிகத்தின் செழிப்புக்குக் கோவையை அடுத்த வெள்ளலூரில் 1842இல் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுப் புதையல் சான்று பகரும். திருவெளிப்பாடு நூலின் 21ஆம் அதிகாரத்தில் புதிய எருசலேமின் மதிலுக்குப் பன்னிரு கற்கள் அடித்தளமாகச் சொல்லப்படுகின்றன. அவற்றுள் எட்டாவது இந்தப் பெரில். ஆறாவது சூதுபவளம் என்பர். மறைநூலில் நாம் வாசிக்கும் கற்கள் நம் பக்கத்து ஊர்ப் பட்டறையில் இழைக்கப்பட்டவை என்பது எண்ணி மகிழத்தக்கது அன்றோ!

இங்கே நம் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய ஊரிருக்கைகளில் மழை பெய்தபின் உழவு நிலங்களில் சிறு மணிகள் மேலெழுந்து கிடப்பதுண்டு. "இதைவிடத் தனிச்சிறப்பான மணி ஏது? பொறுக்கிக் கோத்தால் என்ன?" என்ற எண்ணம் எழலாம். வேண்டாம் என்பதே நம் விடை. எந்த மண்ணடுக்கில், எந்தப் பானையோட்டுக்கு அருகில் கிடந்தது என்பதுதான் ஒரு பழைய மணியின் பேச்சு. இடம்விட்டு எடுத்த நொடியில் அது ஊமையாகிவிடும். நம் முன்னோர் வரலாற்றில் ஒரு வரி அழிந்துபோகும். சட்டமும் இதற்கு இடந்தருவதில்லை. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் மறைந்து கிடந்து பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதாகக் கண்டெடுக்கப்படும் பொருளை மாவட்ட ஆட்சியருக்கு அறிவித்தாக வேண்டும். தொல்பொருள் வணிகத்தையும் 1972ஆம் ஆண்டின் சட்டம் கட்டுப்படுத்துகிறது. ஆகவே நிலத்தில் மணியைக் கண்டால் கண்ட இடத்தைக் குறித்துக்கொண்டு, கிராம நிர்வாக அலுவலரிடமோ அரசு அருங்காட்சியகத்திலோ தெரிவிப்பதே முறை.

நிற்க, இன்று நாம் விலைகொடுத்து வாங்கும் மணிகளுக்கு வருவோம். கல்மணி என்று சொல்லிச் சாயக் கண்ணாடியை விற்பது புதிய வழக்கமன்று. கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலைச் சீற்றத்தில் மாண்ட ரோமானிய அறிஞர் பிளினி, இந்தியர் படிகத்துக்கு நிறமூட்டிப் பெரில் முதலிய கற்களைப்போலப் போலி செய்வர் என்று அன்றே எழுதிவைத்தார்! ஆகவே வாங்குபவர் விழிப்புடன் இருத்தல் நன்று. கல்மணியைக் கன்னத்தில் வைத்தால் குளிரும், கையில் கனக்கும். பிளாஸ்டிக் மணி குளிராது, கனக்காது. கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்தால் சிறு குமிழிகள் தென்படலாம். துளையின் ஓரத்திலும் வெடிப்புகளிலும் மட்டும் நிறம் அடர்ந்திருந்தால் அது சாயமேற்றிய கல். நகப்பூச்சு அகற்றும் திரவத்தைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தால் சில சாயங்கள் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். சாயமேற்றிய கல்லை வாங்குவது தவறில்லை; அதைச் சாயக்கல் என்று அறிந்து, அதற்குரிய விலையில் வாங்க வேண்டும். துளையின் விளிம்பையும் விரலால் தடவிப் பாருங்கள். கூரான விளிம்பு நூலை அறுத்துவிடும்.

நம் கடைகளுக்கு வரும் சூதுபவள, அகேட் மணிகளுள் கணிசமானவை குஜராத்தின் காம்பே நகரத்தில் இழைக்கப்படுபவை. கல்லை வெயிலில் உலர்த்தி, பானையிலிட்டுச் சூடேற்றுவார்கள். கல்லிலுள்ள இரும்புச் சத்து அச்சூட்டில் மாற்றமுற்று, மங்கிய பழுப்பு நிறம் செந்நிறமாகும். பின்பு செதுக்கி, சாணையில் தேய்த்து, மெருகேற்றித் துளையிடுவார்கள். சாணையில் தேய்க்கும்போது பறக்கும் நுண்ணிய கல்தூள் தொழிலாளரின் நுரையீரலில் படிந்து, சிலிகோசிஸ் என்னும் நோயை உண்டாக்குகிறது. அந்நோய்க்கு இன்றளவும் முழுக்குணம் தரும் மருந்தில்லை. காம்பேயின் அகேட் தொழிலாளரிடம் இந்நோய் பரவியிருப்பதை அகமதாபாத்திலுள்ள தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனத்தார் ஆராய்ந்து பதிவு செய்துள்ளனர். ஒரு சரத்தின் விலையில் ஐந்து ரூபாய் குறைக்க நாம் வாதாடும்போது அந்த ஐந்து ரூபாய் யாருடைய மூச்சிலிருந்து குறைகிறது என்று ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டும். மணி எங்கே, எத்தகைய பட்டறையில் செய்யப்பட்டது என்று கடைக்காரரிடம் கேளுங்கள். பலர் கேட்கத் தொடங்கினால்தான் கேள்வி பட்டறை வரை போய்ச்சேரும். கைவேலை பயிலும் நம் பிள்ளைகளும் கல்லைத் தண்ணீரின்றி வீட்டில் அறுப்பதையும் துளையிடுவதையும் தவிர்த்தல் வேண்டும்.

கண்ணாடி மணிக்கும் நம் தென்னகத்தில் பெருமைமிக்க மரபுண்டு. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில், உருகிய கண்ணாடியை உட்குழலுள்ள நீண்ட இழையாக இழுத்து, சிறு துண்டுகளாக நறுக்கி, சாம்பலோடு சேர்த்துச் சூடேற்றி முனைகளை மழுக்கினார்கள். அவ்வகை மணிகள் தென்கிழக்கு ஆசியா வரை பரவிக் காணப்படுகின்றன. அதே முறையைத் திருப்பதிக்கு அருகிலுள்ள பாப்பாநாயுடுபேட்டையில் கைவினைஞர் தொடர்ந்து செய்துவந்ததை ஆய்வாளர்கள் நேரில் கண்டு எழுதியுள்ளனர். உத்தரப் பிரதேசத்தின் புர்தில்நகரும் கண்ணாடி மணிக்குப் பேர்போன ஊர். கையால் செய்த கண்ணாடி மணிகளில் ஒன்றைப்போல் ஒன்று இராது. ஒன்று சற்றே தடித்திருக்கும், ஒன்று கோணியிருக்கும். அதைக் குறையென்று ஒதுக்காதீர்கள். நாம் தேடும் தனித்தன்மை அதில்தான் இருக்கிறது.

பேருந்து நிலையங்களிலும் திருத்தலங்களின் வாயிலிலும் துணி விரித்து ஊசிமணியும் பாசிமணியும் விற்கும் நரிக்குறவர் மக்களையும் நாம் மறக்கலாகாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப்பின் வேட்டைத் தொழில் அடைபட்டுப்போகவே, அவர்களுள் பலருக்கு மணிக்கோப்பே வாழ்வாதாரமாயிற்று. நெடுங்காலக் கோரிக்கைக்குப்பின் 2023இன் தொடக்கத்தில்தான் தமிழ்நாட்டில் அவர்கள் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். நிறங்களை அடுக்குவதில் அவர்களுக்குள்ள தேர்ச்சி எந்தத் தையல் பள்ளியிலும் கற்பிக்கப்படாதது. பெரிய கடையில் அச்சிட்ட விலையைப் பேசாமல் கொடுத்துவிட்டு, தரையில் அமர்ந்திருக்கும் தாயிடம் பாதி விலைக்குக் கேட்பது நமக்கு அழகன்று. அமர்ந்து பேசுங்கள், வேண்டிய நிறத்தையும் அளவையும் சொல்லுங்கள். கடைவீதியில் கிடைக்காத கோப்பு அவர்கள் கையில் உருவாகும்.

விதைமணிகளும் அழகானவை, செலவு குறைந்தவை. சிவந்து பளபளக்கும் மஞ்சாடி விதையும், இயற்கையாகவே துளையுள்ள, 'யோபுவின் கண்ணீர்' என்று மேனாட்டார் பெயரிட்ட புல்விதையும் மாலைக்கு ஏற்றவை. ஆனால் சிவப்பில் கரும்புள்ளியிட்ட குன்றிமணியை மட்டும் கோக்காதீர்கள். அதன் தாவரவியற் பெயரிலேயே செபத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல் இருக்கிறது. செபமாலைக்கு அது பயன்பட்டமையே காரணம். எனினும் அதன் பருப்பில் அப்ரின் என்னும் கொடிய நஞ்சுள்ளது. கெட்டியான தோல் காப்பதால் முழு விதை தீங்கின்றித் தோன்றும். துளையிட்டாலோ மென்றாலோ அக்காப்பு அகன்றுவிடும். 2011ஆம் ஆண்டின் இறுதியில் இங்கிலாந்தின் ஈடன் திட்டம் என்னும் தோட்ட நிறுவனம், இவ்விதையால் ஆன கைவளைகளை விற்றபின் அபாயம் அறிந்து, அவற்றைத் திருப்பித்தருமாறு மக்களை வேண்டிக்கொண்டது. தவழும் குழந்தையுள்ள வீட்டில் எந்தச் சிறுமணியும் எட்டாத உயரத்தில் இருப்பதே நலம்.

கரை அலங்காரத்துக்கும் குஞ்சத்துக்கும் திருப்பூர் நமக்கு அருகிலேயே இருக்கிறது. பின்னலாடை ஆலைகளில் வெட்டி ஒதுக்கிய துண்டுகள் எடைக்கு விற்கப்படுகின்றன. அவற்றை நாடாவாகக் கத்தரித்து இழுத்தால் ஓரங்கள் தாமே சுருண்டு கயிறாகும். சிறு மரமணியைச் சுற்றித் தைத்தால் துணிமணியாகும். பாட்டியின் பெட்டியில் அறுந்து கிடக்கும் பவளச் சரத்தில் எஞ்சிய நான்கு மணிகளையும் எறிந்துவிடாதீர்கள். அவை எந்தக் கடையிலும் கிடைக்காதவை.

செபமாலை கோப்போருக்கு ஒரு சிறு கணக்கு. ஐந்து பத்துமணி கொண்ட செபமாலைக்கு அருள் நிறைந்த மரியேக்கு 53, பரலோக மந்திரத்துக்கு 6, ஆக 59 மணிகள் வேண்டும். கடையில் விற்கும் பதினாறு அங்குலச் சரத்தில் 8 மில்லிமீட்டர் மணியாயின் ஏறத்தாழ 50தான் இருக்கும். 6 மில்லிமீட்டர் மணியாயின் ஏறத்தாழ 66 இருக்கும். ஆகவே சிறிய அளவில் ஒரு சரம் வாங்கி, பெரிய மணிகள் ஆறினுக்கு மட்டும் பாட்டியின் பவளத்தையோ வேறொரு தனிமணியையோ சேர்க்கலாம். ஒவ்வொரு மணிக்கும் இடையே ஒரு முடிச்சிட்டால், நூல் அறுந்தாலும் ஒரு மணிக்கு மேல் உதிராது.

ஆங்கிலத்தில் மணியைக் குறிக்கும் 'பீட்' என்ற சொல்லுக்குத் தொடக்கத்தில் செபம் என்பதே பொருள். செபத்தை எண்ண உதவியமையால் மணிக்கும் அப்பெயர் வந்தது. கல்லை இழைத்தவர், கண்ணாடியை இழுத்தவர், தெருவோரம் கோத்து விற்றவர் ஆகியோரின் உழைப்பை அறிந்து, உரிய விலைகொடுத்து வாங்கிய மணிதான் பிறரிடம் இல்லாத மணி. அடுத்தமுறை ஒரு சரத்தைக் கையில் எடுக்கும்போது விலை கேட்குமுன் ஊரைக் கேளுங்கள்.