பிணக்கும் பகையும்

மக்கள் கூடி வாழுமிடத்தில் மாறுபாடு தோன்றுதல் இயல்பு. அதனைக் குறிக்கத் தமிழில் ஊடல், பிணக்கு, இகல், பகை எனப் பல சொற்கள் உள. இவை யாவும் ஒரு பொருளனவே எனக் கருதுவார் உளர். அக்கருத்துப் பொருந்தாது.

பிணக்கு என்பது பிணங்குதல் என்னும் வினையோடு உறவுடையது. கொடிகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடத்தலும் பிணங்குதலே. மனம் மாறுபடுதலும் பிணங்குதலே. தொலைவில் நிற்கும் கொடிகள் பிணங்கா. அருகருகே படர்வனவே பிணங்கும். ஆதலின், உறவுடையாரிடையே எழும் மாறுபாட்டிற்குப் பிணக்கு என்பது மிகப் பொருத்தமான பெயராகும். சிக்குண்ட நூலை நெய்வார் அறுத்தெறிவதில்லை. முனை கண்டு பொறுமையுடன் பிரிப்பர். பிணக்கும் அவ்வாறே தீர்க்கத்தக்கது. பகையோ, பகு என்னும் அடியிற் பிறந்தது என்பர். பகுத்தல் பிளத்தலாகும், பிளந்தவை எளிதிற் பொருந்தா.

திருக்குறளின் வைப்புமுறையும் இவ்வேறுபாட்டை உணர்த்தும். 85ஆம் அதிகாரம் புல்லறிவாண்மை; 86ஆவது இகல்; 87ஆவது பகைமாட்சி. அறிவின்மையை அடுத்து இகலும், இகலை அடுத்துப் பகையும் நிற்றல் காண்க. ஊடலுவகையோ 133ஆம் அதிகாரமாய் நூலை நிறைவு செய்கின்றது. மாறுபாடும் அன்போடு கூடியவழி இன்பம் பயக்கும் என்பது இதனாற் பெறப்படும்.

சொல் எதுவாயின் என்ன என வினவலாம். வாய்க்கால் நீர் முறை பற்றி ஓர் ஊரின் இரு தெருவார் மாறுபடுகின்றனர் எனக் கொள்வோம். அதனைப் பிணக்கு என்றால், பேசித் தீர்க்கும் வழியை ஊரார் நாடுவர். பகை என்றால், ஒவ்வொருவரும் தத்தம் பக்கத்திற்கு ஆள் திரட்டுவர். பெயரே செயலுக்கு வழிகாட்டியாகி விடுகின்றது.

இதன் மறுதலையும் நினைக்கத்தக்கது. வலியார் எளியாரை நலிவதைப் பிணக்கு என்பது பெரும் பிழை. பிணக்கில் இருபாலார்க்கும் பங்குண்டு, கொடுமை ஒருபாலது. அதனைக் கொடுமை என்றே கூறல் வேண்டும். இல்லையேல், நலிந்தோரும் குற்றத்திற் பங்குடையராய்க் காட்டப்படுவர்.

சினம் மிக்கபொழுது நாவில் முந்தி வருவது வன்சொல்லே. அப்பொழுது நேர்ந்தது யாது என நோக்கி, அதற்குரிய சொல்லைத் தேர்தல் மாணவர் கடனாகும். உரிய சொல்லைத் தேர்வது மொழித்திறம் மட்டும் அன்று, நடுவுநிலைமையும் ஆகும்.