பேட்ச் விட்டாச்சு, சர்வர்ல யாரு போட்டா?

போன வாரம் ஆணி புடுங்குறதுக்கு நடுவுல டீ குடிக்கப் போனப்ப, எங்க டீம் நண்பர் ஒருத்தர் ஆரம்பிச்சார். "டிஜிட்டல் ரைட்ஸ் லாயர்னு போர்டு மாட்டிக்கறாங்களே, ஒரு வரி கோடு எழுதத் தெரியுமா இவங்களுக்கு? கோர்ட்ல நாலு தடவை நின்னா பேப்பர்ல பேரு வந்துடுது." சுத்தி நின்ன பொட்டிதட்டிங்க எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். ராத்திரி வீட்டுக்கு வந்தப்புறம்தான் எரிச்சல் வந்துது, அதுவும் என் மேலயே. அதான் இந்தப் பதிவு.

66ஏ ஞாபகம் இருக்கா மக்களே? தகவல் தொழில்நுட்பச் சட்டத்துல 2008 திருத்தம் கொண்டு வந்து செருகின பிரிவு. அடுத்தவருக்கு எரிச்சலோ அசௌகரியமோ தர்ற மாதிரி கம்ப்யூட்டர்ல எதையாவது அனுப்பினா மூணு வருஷம் வரைக்கும் ஜெயில். இந்தக் கணக்குப்படி பதிவுலகத்துல பாதிப்பேர் வேலூர்ல இருந்துதான் பதிவு போட்டிருக்கணும் :-) ஆனா 2012 அக்டோபர்ல புதுச்சேரியில ஒருத்தரை கார்த்தி சிதம்பரம் பத்தி ட்வீட் போட்டதுக்கு நிஜமாவே கைது பண்ணாங்க. அடுத்த மாசம் மகாராஷ்டிராவில, பால்கர்ல ரெண்டு பொண்ணுங்க. பால் தாக்கரே மறைவுக்கு ஊரை அடைச்சதைக் கேள்வி கேட்டு ஒருத்தி ஃபேஸ்புக்ல எழுதினா, இன்னொருத்தி லைக் போட்டா. லைக்குக்கும் கைது!

ஷ்ரேயா சிங்கால்ங்கற சட்டக் கல்லூரி மாணவி உச்ச நீதிமன்றம் போனாங்க. இன்னும் பல பேர் சேர்ந்தாங்க. 2015 மார்ச் 24, நீதிபதிகள் செலமேஸ்வரும் நாரிமனும் 66ஏ-வை மொத்தமா ரத்து பண்ணாங்க. நான் அப்ப பிளஸ் டூ பரீட்சை எழுதிட்டிருந்தேன், செய்தியே தெரியாது. தெரிஞ்சவங்க கொண்டாடிட்டு வேற வேலையப் பாக்கப் போயிட்டாங்க.

போகாதவங்கள்ல ஒருத்தர் அபார் குப்தா. அந்த வழக்குல பி.யூ.சி.எல் அமைப்புக்காக உழைச்ச டெல்லி வக்கீல். இன்டர்நெட் சமவாய்ப்புப் போராட்டத்துல இருந்தவங்களோட சேர்ந்து 2016ல இன்டர்நெட் ஃப்ரீடம் ஃபவுண்டேஷன் ஆரம்பிச்சார். கம்பெனிகளுக்கு ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தே நல்லா வாழ்ந்திருக்கலாம், 2018ல அந்த அமைப்புக்குச் செயல் இயக்குநரா வந்து உக்காந்தார். அதே வருஷம் அவரும் அபினவ் சேக்ரிங்கற இன்னொரு வக்கீலும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினாங்க. விஷயம் இதுதான்: செத்துப்போன 66ஏ போலீஸ் ஸ்டேஷன்கள்ல உயிரோட நடமாடிட்டிருக்கு. ரத்தான பிரிவுல புதுசு புதுசா எஃப்.ஐ.ஆர் போடறாங்க!

எப்படி நடக்கும்னு கேக்கறீங்களா? அப்போதைய அட்டர்னி ஜெனரலே 2021ல கோர்ட்ல விளக்கினார். சட்டப் புத்தகத்துல பிரிவு அப்படியே அச்சாகியிருக்கு, ரத்தானது அடிக்குறிப்புல இருக்கு, போலீஸ்காரர் அடிக்குறிப்பைப் படிக்கறதில்ல. நம்ம பாஷையில சொன்னா பேட்ச் விட்டாச்சு, ஒரு சர்வர்லயும் போடல.

பி.யூ.சி.எல் திரும்ப உச்ச நீதிமன்றம் போச்சு. தீர்ப்பை எல்லா உயர் நீதிமன்றத்துக்கும் மாநிலத் தலைமைச் செயலர்களுக்கும் அனுப்பச் சொல்லி 2019 பிப்ரவரியில உத்தரவு வந்துது. அதுக்கப்புறமும் நிக்கல. 2021 மார்ச் கணக்குப்படி 11 மாநிலங்கள்ல மாவட்ட நீதிமன்றங்கள்ல 745 வழக்கு உயிரோட இருந்துது. அந்த ஜூலையில விஷயம் மறுபடி வந்தது யார் முன்னாடி தெரியுமா? தீர்ப்பு எழுதின அதே நாரிமன். மனுஷன் அதிர்ந்துட்டார். இனிமே யார் மேலயும் 66ஏ-ல வழக்கு நடத்தக் கூடாதுன்னு கண்டிப்பா உத்தரவு வர 2022 அக்டோபர் ஆச்சு. ஏழரை வருஷம். சனி கூட இவ்ளோதான் பிடிப்பான்!

அந்த 745 எப்படிக் கிடைச்சுதுன்னு நண்பருக்குச் சொல்லணும். அந்த அமைப்பும் சிவிக்டேட்டாலேப்னு தரவுகளை வச்சு வேலை செய்யற ஒரு குழுவும் சேர்ந்து, நீதிமன்ற இணையதளங்கள்ல சிதறிக் கிடந்த வழக்கு விவரங்களைத் தேடித் தொகுத்தாங்க. ஜாம்பி டிராக்கர்னு பேரு. கோடு எழுதத் தெரிஞ்சவன் செய்யற வேலைதானே இது? நம்மள்ல எத்தனை பேர் போனோம்? 2015ல டிராய்க்கு பத்து லட்சத்துக்கு மேல மெயில் போச்சுன்னு நம்ம சாதி இன்னிக்கு வரைக்கும் மார் தட்டுது. நம்ம ஆளுங்கள்ல முக்காவாசிப் பேர் ரெடிமேடா எழுதி வச்சதை ஒரு பட்டன் அமுக்கி அனுப்பினதுதான். 2016 பிப்ரவரியில ஜெயிச்சதும் கடையை மூடிட்டோம்.

எழுதறவங்க நமக்கு வயித்தக் கலக்குற சேதி ஒண்ணு பாக்கி. 66ஏ-வைக் கொன்ன அதே தீர்ப்பு, இணையதளங்களை முடக்குற 69ஏ-வை அப்படியே விட்டுடுச்சு. அதுக்கான 2009 விதிகள்ல 16வது விதி, புகாரையும் நடவடிக்கையையும் ரகசியமா வைக்கணும்ங்குது. நாளைக்கு உங்க பதிவு ஒண்ணு காணாமப்போனா ஏன்னு கேட்டு ஒரு காகிதம் வாங்க எந்த புரோகிராமரைக் கூப்பிடுவீங்க?

நண்பர்கிட்ட இதைச் சொன்னேன். "சரி, அந்த அமைப்புக்கு நீ எவ்ளோ குடுத்திருக்கே?"ன்னார். முழிச்சேன். முந்தாநாள்தான் முதல் தடவையா அனுப்பினேன், ஒரு சினிமா டிக்கெட் காசு. பாப்கார்ன் சேர்க்கல.

டிஸ்கி: நான் வக்கீல் இல்ல. சட்ட விஷயத்துல தப்பு இருந்தா பின்னூட்டத்துல குட்டுங்க, திருத்திக்கறேன்.