ரோபோவின் பாதை யாருக்குச் சொந்தம்?

வெல்டிங் ரோபோவின் கை எங்கே திரும்ப வேண்டும், எங்கே வேகம் குறைக்க வேண்டும் என்பதை முன்பு தொழிலாளியே புள்ளி புள்ளியாகப் பதிவுசெய்தார். இன்று முப்பரிமாண வரைபடத்தைப் பார்த்து மென்பொருளாலேயே பாதை வகுக்க முடிகிறது. அந்த வழிமுறைக்கு ஒருவர் காப்புரிமை கோரலாமா?

ரப்பரை அச்சில் பதப்படுத்துவதைக் கணினியால் கட்டுப்படுத்தும் முறை காப்புரிமைக்குத் தகுதியானது என்று 1981இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வெறும் கருத்தைக் கணினியில் ஏற்றினால் மட்டும் போதாது என்று 2014இல் கூறியது. இரண்டும் சரியே.

கருவி மோதாமல், பிசகாமல் இயங்கப் புதிய உத்தி கண்டவருக்குப் பாதுகாப்பு வேண்டும். ஆனால், ‘பாதையைத் தானாகக் கணக்கிடுதல்’ என்ற பொத்தாம்பொதுவான உரிமைகோரலை ஏற்றால், சிறு நிறுவனங்கள் 20 ஆண்டுகள்வரை முடங்க நேரும். காப்புரிமை அலுவலகங்கள் விண்ணப்ப நிலையிலேயே கறார் காட்ட வேண்டும்.