கருவிக் குறிப்பும் மரபியலும்: பழவேற்காட்டுப் ‘பாடு’ முன்வைத்து

பழவேற்காட்டு ஏரி மீனவர் வழக்கில் ‘பாடு’ என்பது முறைவைத்து மீன்பிடிக்கும் உரிமையையும் அதற்குரிய நீரிடத்தையும் குறிக்கும். பொதுவழக்கிலோ துன்பம், உழைப்பு எனப் பொருள்படும். காட்டூர்ப் பகுதியினர் சூழலால் உணரும் இவ்வேறுபாட்டை, இணையதளத்தை மேலாளும் செயற்கை நுண்ணறிவு முகவர் கருவிக் குறிப்பைக் கொண்டே அறிதல் கூடும். பாட்டு முறையைப் பதியும் தளமொன்றில் ‘பாட்டை நீக்குக’ என்று மட்டும் குறிப்பு அமையுமாயின், நீங்குவது ஒரு நாளின் முறையா, நீரிடத்தின் பதிவா என்பது விளங்காது. பிழைப்பின் ஒரு குடும்பத்தின் உரிமைச் சான்றே மறையும்.

தொல்காப்பிய மரபியல், நூலுக்குரிய பத்துக் குற்றங்களுள் குன்றக் கூறலையும் மயங்கக் கூறலையும் வைத்தெண்ணுகிறது. அவ்வளவுகோல் இங்கும் பொருந்தும். கருவிதோறும் செயல், உள்ளீடு, விளைவு, மீட்கவியலுமா என்பது, பயன்படுத்தலாகாத இடம் ஆகிய ஐந்தும் வரையறுக்கப்பெறுதல் வேண்டும். இது பொறியாளர்க்கு மட்டும் உரிய பணியன்று. சொற்பொருள் வரையறுக்கும் தமிழாய்வாளர்க்கும் உரியதாகும்.