நாங்கள் பெயர் மாற்ற வரவில்லை, எங்கள் பெயரைச் சரியாக எழுதுங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. பத்தாம், பதினோராம் ஆண்டில் பிள்ளை படிக்கிற வீட்டார் கட்டாயம் வாசியுங்கள்.

சாதாரண தரப் பரீட்சை நெருங்கும்போதுதான் எங்கள் ஊர்களில் பெயர்ப் பிரச்சினை கிளம்பும். பிறப்புச் சான்றிதழில் 'முகம்மது'. பாடசாலைப் பதிவில் 'முஹம்மத்'. வாப்பாவின் அடையாள அட்டையில் 'மொஹமட்'. எல்லாம் ஒரே பெயர்தான் என்று நமக்குத் தெரியும், கந்தோர் ஏற்காது. "உங்கட ஆக்களின்ட பெயரே குழப்பம்தானே" என்று ஒரு சிரிப்பு வேறு.

இதை நாங்கள் ஏற்க மாட்டோம். குழப்பம் பெயரில் இல்லை.

1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். நீராவிப்பிட்டியும் சாளம்பைக்குளமும் அப்படித்தான் வெறிச்சோடின. பெரும்பாலானோர் புத்தளத்தில் போய் ஒதுங்கினோம். 1987இல் 13ஆவது திருத்தத்தின் மூலம் தமிழும் அரச கரும மொழியாகிவிட்டது. ஆனாலும் வடக்கு கிழக்குக்கு வெளியே அடையாள அட்டை 2014 வரை சிங்களத்தில் மட்டுமே கிடைத்தது. தமிழில் சொன்ன பெயரைச் சிங்களத்தில் எழுதினார்கள். பிறகு அதைப் பார்த்து ஆங்கிலத்தில் எழுதினார்கள். ஊர் திரும்பிய பின் அதிலிருந்து மறுபடி தமிழுக்குக் கொண்டுவந்தார்கள். எங்கள் எழுத்து மாறியது இந்தப் பயணத்தில்தான்.

சட்டம் என்ன சொல்கிறது? 1951ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தில் இரண்டு வழி உண்டு. பெயரைச் சேர்க்க, மாற்ற 27ஆம் பிரிவு. பதிவில் உள்ள பிழையைத் திருத்த 52ஆம் பிரிவு. இரண்டும் வேறு வேறு. எழுத்துப் பிழையோடு போகிறவரிடம் "பெயர் மாற்றத்துக்குப் போடுங்கோ" என்றால், எந்தப் பிரிவின் கீழ் என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

இன்னொன்று. சமாதான நீதவானிடம் எடுக்கிற சத்தியக்கடதாசி பிறப்புப் பதிவை மாற்றாது. அன்றைய அலுவல் முடியும், அவ்வளவுதான். அடுத்த மேசையில், கடவுச்சீட்டுக்கோ மத்திய கிழக்கு வேலைக்கோ போகும்போது அதே கேள்வி மறுபடி வரும்.

பிறப்புச் சான்றிதழின் பிரதியை இன்று எந்தப் பிரதேச செயலகத்திலும் எடுக்கலாம். திருத்தம் என்றால் மட்டும் பிறப்பைப் பதிந்த இடத்துக்கே விண்ணப்பிக்க வேண்டும். புத்தளத்தில் பிறந்து முள்ளியவளையில் கூலி வேலை செய்கிறவர், எத்தனை நாள் சம்பளத்தை இழந்து அங்கே அலைவது? பிரதி கொடுக்க முடிந்த கந்தோருக்கு விண்ணப்பத்தை ஏற்று அனுப்ப முடியாதா? வன்னியில் மீள்குடியேறிய ஊர்களுக்குப் பதிவாளரும் ஆட்பதிவுத் திணைக்களமும் ஒன்றாக வரும் நடமாடும் சேவை வேண்டும். இது சலுகை அல்ல. எங்களை விரட்டியதால் வந்த வினைக்குப் பரிகாரம்.

நம் பக்கமும் ஒரு வார்த்தை. ஏழாம் நாள் அகீகா கொடுத்து அழகான பெயர் வைக்கிறோம். 42 நாளுக்குள் பதியப் போகும்போது, அந்தப் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போகிறோமா? வாயால் சொல்லிவிட்டு வருகிறோம். பதினைந்து வயதில் அதிபர் மூலம் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது விழிப்பது பிந்திய விழிப்பு.

பள்ளிவாசல் நிர்வாகங்களே, ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு அரை மணித்தியாலம் தாருங்கள். பிள்ளைகளின் ஆவணங்களை வைத்து ஒப்பிட்டுப் பார்ப்போம். ஆசிரியர்கள் நாங்கள் வந்து உட்காருகிறோம், இன்ஷா அல்லாஹ்.

பகிருங்கள். தேவைப்படுகிற வீட்டுக்குப் போய்ச் சேரட்டும்.