ஸ்லோ குக்கரும் சோம்பேறிப் பட்டமும்



அமெரிக்காவில் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்த் திரும்பும் நம் வயதுக்காரர்கள் பலர் சொல்லும் குறை ஒன்று உண்டு. "மருமகள் ஒரு பானையில் மக்ரோனியையும் பாலையும் சீஸையும் கொட்டி, சுவிட்சைப் போட்டுவிட்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்துவிடுகிறாள். இதெல்லாம் ஒரு சமையலா?"

சமையல்தான். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் பானையின் கதை. இர்விங் நேக்ஸன் என்ற அமெரிக்க யூதர் இதற்கு 1940-இல் காப்புரிமை பெற்றார். யூதர்களின் ஓய்வுநாளான சனிக்கிழமையில் அடுப்பு மூட்டக்கூடாது. அதனால் இறைச்சியும் பீன்ஸும் போட்ட 'சோலன்ட்' பானையை வெள்ளி மாலையே ரொட்டிக்கடை அடுப்பில் வைத்துவிடுவார்கள். மிச்சச் சூட்டிலேயே இரவெல்லாம் வெந்திருக்கும். லித்துவேனியாவில் நடந்த இந்த வழக்கத்தைத் தாய் சொல்லக் கேட்டதுதான் அவருக்கு யோசனை தந்தது. 1971-இல் ரைவல் நிறுவனம் அதையே 'கிராக்-பாட்' என்று விற்றது. பெண்கள் பெருமளவில் வேலைக்குப் போகத் தொடங்கியிருந்த காலம் அது. பானை பரவியதில் வியப்பில்லை.

நம் கிராமத்தில் வரட்டித் தணலில் பால் பானையை வைத்துவிட்டுக் கழனிக்குப் போனார்களே, அந்தப் பாட்டிகளை யாராவது சோம்பேறி என்றோமா? ஆடை தடித்த அந்தப் பாலை இன்றும் புகழ்கிறோம். தணல் செய்த வேலையை மின்சாரம் செய்தால் மட்டும் ஏன் முகம் சுளிக்க வேண்டும்?

மக்ரோனி சீஸ் அங்கே பெரும்பாலும் பக்க உணவு. நவம்பர் நான்காம் வியாழன் நன்றி நவிலும் நாளில் வான்கோழி பல மணி நேரம் ஓவனைப் பிடித்துக்கொள்ளும். மற்ற பதார்த்தங்களுக்கு இடமிருக்காது. அப்போது ஓரமாக ஒரு பிளக்கில் வேகும் இந்தப் பானைதான் கைகொடுக்கும்.

செய்முறை எளிது. வேகாத மக்ரோனி கால் கிலோ, சர்க்கரை சேர்க்காத எவாபொரேட்டட் பால் ஒரு டின் (சுமார் 350 மில்லி), சாதாரணப் பால் ஒரு பெரிய டம்ளர், துருவிய செடார் சீஸ் 200 கிராம், வெண்ணெய் இரண்டு கரண்டி, உப்பு, மிளகுத்தூள். எல்லாவற்றையும் கலந்து 'லோ'வில் வைத்தால் ஏறக்குறைய இரண்டு மணி நேரம்.

ஆனால் இதிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. வெறும் பால் நெடுநேரச் சூட்டில் திரிந்துவிடலாம். டின் பால் அவ்வளவு எளிதில் திரியாது. சீஸைக் கட்டியாக வாங்கி வீட்டில் துருவுவது நல்லது. துருவி விற்கும் பாக்கெட்டில் ஒட்டாமலிருக்க மாவு தூவியிருப்பார்கள், குழம்பு நறநறக்கும். ஒரு மணி நேரத்தில் ஒருமுறை கிளறினால் போதும். அடிக்கடி மூடியைத் திறந்தால் சூடு போய்விடும். ஒன்றரை மணியிலிருந்து பதம் பார்க்க வேண்டும். குழம்பு போலக் காலையில் வைத்து மாலையில் திறந்தால் மக்ரோனி களியாகியிருக்கும். எப்போது விடலாம், எப்போது பார்க்க வேண்டும் என்று தெரிவதுதானே சமையல்?

கொழுப்பும் உப்பும் அதிகம் என்பார்கள். உண்மைதான். அதனால்தான் அது பக்க உணவு. தட்டில் ஒரு கரண்டி, கூடவே காய்கறி.

உண்மையில் நம் கோபம் மக்ரோனி மேல் இல்லை. ஒரு பெண் அடுப்படியில் எத்தனை மணி நேரம் நின்றாள் என்பதை வைத்தே அவள் அன்பை அளந்து பழகிவிட்டோம். நிற்காதவளைக் கண்டால் மனம் ஒப்பவில்லை. அதே வீட்டில் மகன் உட்கார்ந்திருப்பது யார் கண்ணையும் உறுத்துவதில்லை.

நானும் காலை நாலரைக்கு எழுந்து மூன்று வேளைக்கும் சமைத்து வைத்துவிட்டுப் பள்ளிக்குப் பேருந்து பிடித்தவள்தான். மாலையில் மறுபடி அடுப்பு. என் பிள்ளைகள் வீட்டுப்பாடத்தில் சந்தேகம் கேட்டதெல்லாம் என் முதுகிடம்தான். அந்த மருமகள் குழந்தையின் முகம் பார்த்துப் பதில் சொல்ல இரண்டு மணி நேரம் கிடைக்கிறதென்றால், அந்தப் பானை வாழட்டும்.

அடுத்த முறை பிள்ளைகள் வீட்டுக்குப் போகும்போது குறை சொல்லும் முன் ஒரு கரண்டி வாங்கிச் சாப்பிடுங்கள். பிறகு அந்தப் பானையை நீங்களே கழுவி வையுங்கள். ஆண்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.