மார்பர்க் மேசையில் சுண்ணக்கட்டி

1529 அக்டோபரில் மார்பர்க் கோட்டையில் சபைச் சீர்திருத்தவாதிகளான லூத்தரும் ஸ்விங்லியும் நேருக்கு நேர் வாதிட்டார்கள். 15 கூறுகளில் 14இல் உடன்பாடு. நற்கருணையில் கிறிஸ்து எவ்விதம் இருக்கிறார் என்பதில் மட்டும் இருவரும் இம்மியும் நகரவில்லை. லூத்தர் தொடக்கத்திலேயே தமக்கான வசனத்தை மேசைமீது சுண்ணக்கட்டியால் எழுதிவிட்டார். முடிவோடு வந்தவரிடம் வாதம் என்ன செய்யும்? வேதாகமம் ஒன்றுதான், வாசிக்கும் முறைதான் வேறு. விட்டுக்கொடுத்தால் இழப்பது கருத்தை மட்டுமல்ல, கூடவே ஜெபிக்கும் மனிதர்களையும்.

அப்படியானால் 1999இல் கத்தோலிக்கரும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் நீதிமானாக்கப்படுதல் பற்றிய கூட்டறிக்கையில் கையெழுத்திட்டது எப்படி என்று கேட்கலாம். அது பல ஆண்டு உரையாடலின் பலன். அங்கே யாரும் யாரையும் வெல்ல வேண்டியிருக்கவில்லை. பழைய கண்டனங்கள் எதிர்த்தரப்பின் இன்றைய போதனைக்குப் பொருந்தாது என்றுதான் ஒப்புக்கொண்டார்கள். நற்கருணைப் பந்தியில் இரு சபைகளும் இன்றும் அதிகாரபூர்வமாக ஒன்றாக அமர்வதில்லை.